ஒற்றைக்கையன் இல்லாத புத்தகம்

பல் செட் செய்யும் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தவளை எல்லோரும் பல்லக்கா என்றே கூப்பிட்டார்கள். மெழுகில் பல்வரிசை நடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. டாக்டர் அனுப்பும் பிளாஸ்டர் அச்சை எடுத்து, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் பொருத்திப் பார்த்த மாத்திரத்தில், “இந்தம்மா இடது பக்கமாவே மென்னு பழகினவங்க” என்று சொல்லிவிடுவாள். விசாரித்தால் சரியாக இருக்கும்.

அவளுக்கு மக்கர் பண்ணியது ஆங்கிலம்தான். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். ஆனால் கிளினிக்கிலிருந்து போன் வந்தால் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிடுவாள். ஒருநாள் கூடத்து முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: “அடுத்த வருஷத்துலேருந்து கிளினிக்குக்கு நேர்ல போய் டாக்டர்கிட்டப் பேசிட்டு வர ஒருத்தர் வேணும். வேலை தெரிஞ்சவங்க நீங்கதான். ஆனா அங்க பேச்சு பூரா இங்கிலீஷ். கொஞ்சம் தேத்திக்குங்க.”

அன்றிலிருந்து அவளுக்கு வெறி பிடித்தது. இலக்கணப் புத்தகம் எடுத்தாள், மூன்றாம் பக்கத்தில் தூங்கினாள். செய்தித்தாள் படித்தாள், தலைவலி வந்தது. நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டும் வேலையில் இருந்த தங்கைதான் வழி சொன்னாள்.

“கதை படி அக்கா. அதுவும் மாயாஜால நாவலா எடு. அடுத்து என்ன ஆகுமோன்னு மனசு அடிச்சுக்கிட்டா, பாதி வார்த்தை புரியலைன்னாலும் கை தானா பக்கத்தைத் திருப்பும்.”

பல்லக்காவே போய் ஒன்றை எடுத்து வந்தாள். அட்டையில் டிராகன்; உள்ளே எழுநூறு பக்கம். முன்னால் வரைபடம், அதற்கும் முன்னால் வம்சாவளி. ஒரு சொல்லை மூன்று நாள் அகராதியில் தேடினாள். அது ஒரு குதிரையின் பெயர் என்று நாற்பதாம் பக்கத்தில் தெரிந்தது. போதாக்குறைக்கு, அதில் எல்லோரும் பேசிய ஆங்கிலத்தைக் கிளினிக்கில் பேசினால் டாக்டர் வாளை உருவ வேண்டியதுதான்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தங்கையிடம் நிபந்தனை போட்டாள். வரைபடம் கூடாது. ராஜ வம்சம் இரண்டு தலைமுறைக்கு மேல் போகக் கூடாது. கதாநாயகிக்குக் கையால் செய்கிற வேலை ஒன்று இருக்க வேண்டும். டிராகன் இருக்கலாம், பேசக் கூடாது. வாயைத் திறந்தால் அது பழைய ஆங்கிலத்தில்தான் பேசித் தொலைக்கும்.

“உன் வீட்டுக்காரர்கிட்டக்கூட நீ இவ்வளவு எதிர்பார்க்கலையே!” என்று தங்கை சிரித்தாள்.

அடுத்த வாரம் ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். பழசு, முதல் இரண்டு தாள் போய்விட்டது, தானே பழுப்புத் துணி ஒட்டி முதுகில் பெயர் எழுதியதாகச் சொன்னாள். மழையை வரவழைக்கும் மணிகளை வார்க்கிற ஒரு பெண்ணின் கதை. உருகிய வெண்கலத்தை அவள் அச்சில் ஊற்றும் இடத்தைப் படித்தபோது பல்லக்காவுக்குக் கை துறுதுறுத்தது. ஒன்பதே நாளில் முடித்தாள். சாப்பாட்டு மேஜையில் கணவரையும் மகளையும் உட்காரவைத்து முழுக் கதையையும் சொன்னாள்.

“முழுசா ஒரு இங்கிலீஷ் நாவல்! ஒம்பது நாள்! யார்கிட்ட?”

கணவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். மகள், “சூப்பர்ம்மா” என்றாள்.

ஒரு வருடத்தில் அப்படி ஏழு. எல்லாமே தங்கை தேர்ந்தெடுத்தவை. எல்லாவற்றுக்கும் அதே பழுப்புத் துணி. நோட்டில் ஆயிரத்துச் சொச்சம் சொற்கள் சேர்ந்தன. கிளினிக் போன் அடித்தால் இப்போது அவளே பாய்ந்து எடுத்தாள்.

நூலகத்தின் மாடி அறையில் மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் வாசகர்கள் கூடி ஆங்கிலத்தில் பேசுவது வழக்கம். அந்த மாதத்துக்கு மணி வார்ப்பவளின் கதை என்று அறிவிப்புப் பலகையில் பார்த்ததும் பல்லக்காவுக்குக் கால் தரையில் படவில்லை. தங்கைதான் தடுத்தாள்.

“அங்க வேணாம் அக்கா. எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க. சும்மா ஆளை மட்டம் தட்டுவாங்க.”

“தட்டட்டும். நானும் அதே புத்தகத்தைத்தானே படிச்சிருக்கேன்?”



அறையில் பன்னிரண்டு பேர். நாலு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனவள் ஏழெட்டு வாக்கியம் பேசிவிட்டாள். மணியின் அச்சு உடையாமல் இருக்க ஈரம் எவ்வளவு முக்கியம் என்று அவள் சொன்னபோது எல்லோரும் கேட்டார்கள். எதிரே இருந்த மருந்துக்கடைக்காரர் ஆர்வமாக ஆங்கிலத்தில் கேட்டார்: “அந்த ஒற்றைக்கையனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?”

பல்லக்காவுக்கு அப்படி ஒருவன் நினைவில் இல்லை. மறந்திருப்போம் என்று நினைத்து, “மிக நல்ல மனிதர்” என்றாள்.

“நல்லவனா? ஊர் முழுவதையும் எரித்தவனே அவன்தானே!”

சிரிப்பு எழுந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை; அவள் வேடிக்கைக்குச் சொன்னதாகத்தான் நினைத்தார்கள். ஆனால் பேச்சு அவனை விட்டு நகரவே இல்லை. அவன் பொய், அவன் காதல், அவன் செத்த விதம். ஒவ்வொருவர் மடியிலும் இருந்த புத்தகம் செங்கல் கனம் இருந்தது. அவளுடையதில் நூற்று நாற்பது பக்கம். பக்கத்தில் இருந்த நர்ஸ் அதை வாங்கிப் புரட்டினாள்.

“அக்கா, இது புதுசா இங்கிலீஷ் படிக்கிறவங்களுக்காகச் சுருக்கி எழுதினது. ஈசியான வார்த்தையா, ஒண்ணாம் நிலை ரெண்டாம் நிலைன்னு பிரிச்சுப் போட்டிருப்பாங்க. என் பையன் ஸ்கூல்ல இருக்கு” என்று காதோரம் சொன்னாள்.

பல்லக்கா புத்தகத்தை வாங்கிக்கொண்டு கீழே போனாள். பழுது பார்க்கும் அறையில் தங்கை பசைத் தூரிகையோடு நின்றாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஒற்றைக்கையன் யாருடி?”

“அக்கா…”

“ஏழும் இப்படித்தானா?”

“ஏழும்தான். அட்டையில மூணாம் நிலைன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. பார்த்தா நீ தூக்கிப் போட்டுடுவே. அதான் அட்டையையும் முதல் ரெண்டு தாளையும் கிழிச்சேன். உன் நல்லதுக்குத்தான். எவ்வளவு முன்னேறிட்டே, பாரு!”

“கேட்டிருந்தா நான் சரின்னு சொல்லியிருப்பேனே. ஏன் கேட்கலை?”

தங்கை தப்பிக்கப் பார்த்து இன்னும் ஆழமாக மாட்டிக்கொண்டாள். “நான் மட்டும் இல்லை. மாமாகிட்டயும் உன் பொண்ணுகிட்டயும் சொல்லித்தான் செஞ்சேன்.”

அந்த ஒரு சொல்தான் பல்லக்காவை உடைத்தது. ஏழு தடவை மேஜையில் மார்தட்டியிருக்கிறாள். ஏழு தடவையும் எதிரே இருந்த இருவருக்கும் தெரிந்திருக்கிறது.

வீட்டில் கணவர் மழுப்பவில்லை. “நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. அதைக் கெடுக்க மனசு வரலை” என்றார்.

“சந்தோஷமா இருந்தேனா, உங்களுக்கு வேடிக்கையா இருந்தேனா?” என்று கேட்டுவிட்டு முகம் கழுவப் போனாள். கதவுக்கு வெளியே நின்று மகள், “சாரிம்மா” என்றது கேட்டது. குழாயை இன்னும் திறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை கிளினிக் போன் அடித்தது. கை நீண்டது, வாய் வரவில்லை. தான் கற்றதில் எது நிஜம், எது சுருக்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்து மேஜைக்காரர் எடுத்தார். இரண்டு வாரம் அப்படியே போயிற்று. மூன்றாவது வாரம், அவள் நட்ட பல்வரிசையின் நிறத்தை அவர் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்ததும் பொறுக்க மாட்டாமல் ரிசீவரைப் பிடுங்கினாள். மறுமுனையில் இருந்த டாக்டரோடு ஐந்து நிமிடம் வாதாடி ஜெயித்தாள். ஒற்றைக்கையன் தெரியாததால் அங்கே ஒரு குறையும் வரவில்லை. கிளினிக் வேலை அவளுக்கே கிடைத்தது.

அந்தச் சனிக்கிழமை தங்கைக்கு விடுமுறை என்று தெரிந்து நூலகத்துக்குப் போனாள். அலமாரி முன் நின்று ஆறு புத்தகங்களின் முதல் பக்கத்தைப் படித்தாள். பத்துச் சொல்லுக்கு மேல் புரியாததையெல்லாம் திரும்பச் செருகினாள். கடைசியில் கையில் நின்றது ஒரு சூனியக்காரியின் கதை. அட்டையில் பெரிதாக, ‘நான்காம் நிலை’. அதைப் பஸ்ஸில் எல்லோரும் பார்க்கும்படி விரித்து வைத்துப் படித்துக்கொண்டு வந்தாள்.

தங்கையோடு பேச்சு ஒரேயடியாக நின்றுபோகவில்லை. உடம்பு சரியில்லை என்றால் கேட்டுக்கொள்வார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள். ஒருநாள் போனில் தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“இப்ப என்ன கதை அக்கா படிக்கிறே?”

பல்லக்காவின் மடியில் சூனியக்காரி தன் வீட்டுக்குத் தானே தீ வைக்கப் போகிற பக்கம் திறந்து கிடந்தது.

“ஒண்ணும் படிக்கலை” என்றாள்.