போகாமல் விட்ட அனுராதபுரம்

எண்பத்து மூன்றாம் ஆண்டு நான் யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குச் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாடப் புத்தகத்தில் பாதி அனுராதபுரம். குளங்கள், அணைக்கட்டுகள், பௌத்தத் தாதுகோபங்கள் என்று நான் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். அவர்களில் அநேகம் பேர் ஆனையிறவுக்கு அப்பால் போனதேயில்லை. நான் வரைந்த குளம் ஒரு கிணற்றைவிடப் பெரிதாக அவர்களுடைய மனத்தில் இருந்திருக்காது. ஓகஸ்ட் விடுமுறையில் இவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதென்று எனக்குள் தீர்மானித்தேன்.

பஸ் பிடிக்கலாம், சாப்பாட்டுக்கும் வழி பார்க்கலாம். குமர்ப் பிள்ளைகளை இரவு எங்கே தங்கவைப்பது என்பதுதான் பிரச்சினை. தாய்மார் முதலில் கேட்கப்போவது அதைத்தான். வகுப்பில் இதை நான் வாய்விட்டுச் சொன்னபோது இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து நின்றாள்.

“ரீச்சர், எங்கடை அப்பா அங்கைதான் சுருட்டுக்கடை வைச்சிருக்கிறார். கேட்டால் எல்லாம் செய்து தருவார்.”

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அவளுடைய தகப்பன் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, கிட்ட வந்தால் புகையிலை வாசம். உரத்த குரல்காரர். அதிபரின் அறையில் கதிரை நுனியில் இருந்துகொண்டு, தன் வீட்டில் கலியாணம் நடக்கப்போகிறதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் பாதிப் பிள்ளைகள் படுக்கலாம். மற்றவர்களுக்குப் பக்கத்துக் கோயில் மடத்தைக் கேட்டுவைத்திருக்கிறார்.

“காலமைச் சாப்பாட்டுக்கு யோசிக்காதேங்கோ, ரீச்சர். என்ரை கடைக்குப் பக்கத்திலை பாண் சுடுற போறணை இருக்கு. போறணைக்காரன் சிங்களவன், ஆனால் என்னோடை தாய் பிள்ளை மாதிரி. பிள்ளையள் வந்து இறங்கேக்கை சுடச்சுடப் பணிஸ் போட்டுத் தாறன் எண்டு சொல்லிப்போட்டான்.”

எழுபத்தேழுக் கலவரத்தில் அவருடைய கடையை உடைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்கலாமா என்று யோசித்தேன். அவரே முந்திக்கொண்டார்.

“உடைச்சாங்கள்தான். திருப்பிக் கட்டினன்தானே. இனி ஒண்டும் நடவாது.”

அவருடைய மகள் அந்தத் தவணை முழுக்க வகுப்பில் ஒரு ராணிபோல நடமாடினாள். யார் வீட்டில் படுப்பது, யார் மடத்தில் படுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை தனக்கே என்பது அவளுடைய எண்ணம். அவளோடு கோபம் போட்டிருந்த பிள்ளைகளும் அந்த நாட்களில் சமாதானமாகிவிட்டார்கள்.

ஜூலைக் கடைசியில் தெற்கில் தமிழருக்கு நடந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. தெற்கிலிருந்து வருபவர்களைப் பார்க்கச் சனம் சந்திகளில் நின்றது. அவளுடைய தகப்பன் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு ஒரு பின்னேரம் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். யாரோ கொடுத்த, தோளில் பொருந்தாத ஒரு சட்டையோடு இருந்தார். அந்த உரத்த குரல் இல்லை. கடையும் வீடும் எரிந்துவிட்டன. போறணைக்காரர் தன்னுடைய மா மூட்டைகளுக்குப் பின்னால் அவரை ஒளித்துவைத்திருந்து, அகதிகளை வடக்குக்கு ஏற்றும் லொறி வந்தபோது தானே கூட வந்து ஏற்றிவிட்டிருக்கிறார்.

“அவன்ரை பெண்சாதி அழுதுகொண்டு நிண்டது, ரீச்சர். லொறி வெளிக்கிட்ட உடனை, கடையை எரிச்ச ஆக்கள் அவன்ரை பக்கம் திரும்பினதைக் கண்டனான். பிறகு என்ன நடந்ததெண்டு தெரியாது.”

தேநீரைக் குடித்துவிட்டு எழும்பினேன். வாசல்வரை வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு, “பிள்ளையளுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாத்தேலாமல் போச்சு” என்றார். அத்தனை இழந்து வந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல நின்றதை என்னால் தாங்க முடியவில்லை. அந்த வகுப்புப் பிள்ளைகள் அடுத்த வருடம் சோதனை எழுதினார்கள். அனுராதபுரத்தைப் பற்றிய கேள்விக்கு எல்லோரும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஒருத்தியும் அதைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு சுற்றுலா என்றால் குடாநாட்டுக்குள்தான். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஆமி இருந்ததால் அதை நினைக்கவே முடியாது. நல்லூர் மந்திரிமனை, நிலாவரைக் கிணறு, வல்லிபுரக் கோயில் என்று போனோம். சுருட்டுக்கடைக்காரருக்கு இதெல்லாம் எப்படித்தான் தெரியவருமோ, ஒவ்வொரு முறையும் எங்களோடு வந்துவிடுவார். ஊரில் புகையிலைத் தோட்டம் செய்துகொண்டிருந்தார். அந்த ஒரு நாள் மட்டும் தோட்டத்தை விட்டுவிட்டு, சோற்றுப் பொதிகளைத் தூக்கவும் பிள்ளைகளை றோட்டைக் கடக்கவைக்கவும் வந்து நிற்பார்.

ஒருமுறை கந்தரோடைக்குப் போயிருந்தோம். பனைகளுக்கு நடுவே ஆளுயரத்துக்கும் குறைந்த கல் தாதுகோபங்கள். பிள்ளைகள் அவற்றைச் சுற்றி ஓடி விளையாடினார்கள். அவர் ஒன்றின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

“இது குஞ்சு, ரீச்சர். அங்கை இருக்கிறது தாய். என்ரை கடை வாசலிலை நிண்டு பாத்தால் தெரியும்.”

“இன்னொருக்காப் போவியளே, ஐயா?”

“தனியப் போய் என்ன செய்யிறது? எரிஞ்ச இடத்தையோ பாக்கிறது? பிள்ளையளோடை போனால் பரவாயில்லை. போறணைக்காரன் இருக்கிறானோ எண்டும் கேட்டுப் பாக்கலாம்.”

இந்தியன் ஆமியின் காலம் வந்துபோனது. மீண்டும் சண்டை. வடக்குக் கரைச் சனம் மயிலிட்டியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்து எங்கள் வகுப்பறைகளில் குடியிருந்தது. பாடங்கள் மரத்தடியில் நடந்தன. அந்த வருடங்களில் அவருடைய மகள் பயிற்சி முடித்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கே ஆசிரியையாக வந்தாள். என்னுடைய பாடத்தையே அவளும் படிப்பித்தாள். கரும்பலகையில் நான் வரைந்த அதே குளத்தை அவளும் வரைந்தாள்.

தொண்ணூற்றைந்து தொடங்கியபோது சண்டை நின்றது. ஷெல் இல்லை, பொம்பர் இல்லை. கடைகளில் சவர்க்காரமும் சீனியும் தெரிந்தன. பேச்சுவார்த்தை நடக்கிறதாம், பாதை திறக்கப்போகிறதாம் என்று எங்கும் இதே கதை. ஒருநாள் இடைவேளையில் அவள் என்னிடம் ஓடி வந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“ரீச்சர், இந்த முறை போவமே?”

“விசரே உனக்கு? கிளாலிக் கடலைப் படகிலை கடந்து, பாஸ் எடுத்து, வவுனியாவிலை செக்கிங் முடிச்சு... ஆர் பிள்ளையளை அனுப்புவினம்?”

“ஒரு வானுக்குள்ளை கொள்ளக்கூடிய பிள்ளையள் போதும். மேல் வகுப்புப் பிள்ளையள். அப்பாவும் வாறாராம். அவருக்குச் சிங்களம் தெரியும்தானே.”

பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைத்தோம். ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு தகப்பன் எழுந்து, “என்ரை பிள்ளை உதுகளைப் பாக்காட்டில் குடி முழுகிப் போகாது” என்று சொல்லிவிட்டு வெளியேறினார். ஆனால் மயிலிட்டியிலிருந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்துக் கொட்டிலிலேயே இருந்த ஒரு தாய் எழுந்தா.

“நான் விடுறன், ரீச்சர். பிறந்து வளந்த வீட்டைத்தான் பாக்கேலாது. இதையாவது பாக்கட்டும்.”

அதற்குப் பிறகு இன்னும் சில தாய்மார் கை உயர்த்தினார்கள். அவளுடைய தகப்பன் கடைசி வாங்கில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. உடம்பும் இளைத்துப் போயிருந்தது. கூட்டம் முடிந்ததும், எந்த வீட்டில் யாரைக் கேட்டால் தங்க இடம் கிடைக்கும் என்று என்னிடம் பழைய குரலில் சொல்லத் தொடங்கினார். அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ வருடங்களாகியிருந்தன.

அதிபர் மறுக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னா: “சித்திரை லீவு வேண்டாம். பேச்சுவார்த்தை எப்பிடிப் போகுதெண்டு பாப்பம். எல்லாம் நல்லாய் இருந்தால் ஓகஸ்டிலை போங்கோ.”

நியாயமான பேச்சு. நானும் ஓம் என்றேன். அந்த மாசியில் ஊரிலிருந்து பலர் தனித்தனியாக வவுனியாவுக்கும், அனுராதபுரம் வழியாகக் கொழும்புக்கும் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவளுடைய தகப்பனையும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கூடவே வரும்படி கூப்பிட்டிருக்கிறார். அவர் போகவில்லை. “ஓகஸ்டிலை பிள்ளையளோடை போகத்தானே போறன். ஏன் ரெண்டு தரம்?” என்றாராம்.

சித்திரையில் சண்டை மீண்டும் தொடங்கிவிட்டது. விடுமுறையில் போயிருந்தால் பிள்ளைகளோடு அந்தப் பக்கம் அகப்பட்டிருப்போம், அதிபர் தடுத்தது நல்லதாய்ப் போயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறவில்லை. நாங்கள் அவருக்கு ஒரு ஓகஸ்டைக் கொடுத்தோம். அது இல்லாதிருந்தால் அவர் மாசியிலேயே போய் வந்திருப்பார்.

ஐப்பசியில் ஆமி நெருங்கி வரவே, எங்கள் வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் வீடுகளை விட்டு எழும்பியது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஆள் மேல் ஆள். அவள் தகப்பனைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்தாள். நான் என்னுடைய பையோடு அவளுக்குப் பின்னால் நடந்தேன். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. ஈர நிலத்தில் பாய் போட்டுப் படுத்தோம். சில நாட்களில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. மருந்துக்கு அவள் எங்கெல்லாமோ அலைந்தாள்.

ஒரு மத்தியானம் அவள் மருந்து வரிசையில் நின்றபோது நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கண்ணை மூடியபடியே கதைத்தார்.

“மாசியிலை நான் தனியப் போயிருக்கலாம், ரீச்சர்.”

போர்வையை அவருடைய கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

“போறணைக்காரன் செத்துப் போயிருப்பான் எண்டு நினைச்சுக்கொள்ளுறன். அப்பிடி நினைச்சால் சுகம். உயிரோடை இருந்தால், பன்னிரண்டு வருசமா உவன் ஒரு நன்றி சொல்ல வரேல்லை எண்டு நினைச்சிருப்பான்.”

“அப்பிடி நினைச்சிருக்க மாட்டார், ஐயா. பாதை இல்லையெண்டு அவருக்கும் தெரியும்தானே.”

“ஓம்” என்றார். நம்பிச் சொன்ன ஓம் அல்ல அது. எனக்காகச் சொன்னது.

அந்தக் கிழமையே அவர் செத்துப்போனார். மழை விட்ட ஒரு இடைவெளியில் அங்கிருந்த சுடலையில் எரித்தோம். சுற்றுலாவுக்கு வருவதாயிருந்த பிள்ளைகளில் எங்களோடு தென்மராட்சிக்கு வந்தவர்கள் தங்கள் தாய்மாரோடு வந்து நின்றார்கள். மயிலிட்டிப் பிள்ளை அவருடைய மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மார்கழியில் அவள் கொழும்பிலிருந்த மாமன் வீட்டுக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. வன்னிக்குள்ளால் நடந்தும் லொறியிலும் போய், வவுனியாவில் நாட்கணக்கில் காத்திருந்து, பிறகு ஒரு பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். வெகுகாலத்துக்குப் பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி எனக்குச் சொன்னாள். பஸ் அனுராதபுரத்தில் நின்றதாம். எல்லோரும் இறங்கித் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். தகப்பன் சொன்ன தெரு அந்த பஸ் நிலையத்துக்குக் கிட்டத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

“இறங்கினனீயே?” என்று கேட்டேன்.

“இல்லை, ரீச்சர். யாழ்ப்பாண அடையாள அட்டையோடை, சிங்களமும் தெரியாமல், ஆரைக் கேட்கிறது? பஸ் விட்டிட்டுப் போனால் என்ன செய்யிறது எண்டு பயந்து சீற்றைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டன்.”

சொல்லிவிட்டு அழுதாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. அந்த பஸ்ஸில் நான் இருந்திருந்தாலும் இறங்கியிருக்க மாட்டேன்.