‘பயமா?’ என்று நான் கேட்ட விதம்

ஏழு வருடங்கள் நான் ஒரு நாட்டின் அமைதியை அளக்கும் வேலை பார்த்தேன். அது நான் பிறந்த நாடு. அளந்த இடம் கோபன்ஹேகனில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி.

இதை மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவது கடினம். எஸ்பியர்க் நகரில் தொழிற்சாலை வேலை செய்யும் என் அண்ணை, ஒவ்வொரு நத்தார் விடுமுறைக்கும் சந்திக்கும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்பார். “அமைதியை என்னண்டு அளக்கிறது? அடிமட்டம் வைச்சோ?” நான் சிரித்து மழுப்பிவிடுவேன். உண்மையில் அடிமட்டம் மாதிரி ஒன்று எங்களிடம் இருக்கத்தான் செய்தது. போர் நடந்த நாடுகளுக்கு உதவி செய்கிறவர்கள், அந்த உதவியால் என்ன மாறியது என்று அறிய எங்களைப் போன்ற சின்னக் கொம்பனிகளை அமர்த்துவார்கள். நாங்கள் கேள்விகளைத் தயாரித்து, கிராமத்துக்குச் சில வீடுகளைத் தெரிந்தெடுத்துத் தொலைபேசியில் கேட்போம். வீட்டுக்குக் கூரை இருக்கிறதா, கதவு பூட்டக்கூடியதா, காணியில் மிதிவெடி அகற்றியாயிற்றா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, பயமில்லாமல் நடமாட முடிகிறதா. பதில்களை அட்டவணையில் போட்டால் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு நிறம் வரும். சிவப்பு, மஞ்சள், அல்லது பச்சை.

என்னை வேலைக்கு எடுத்ததே தமிழுக்காகத்தான். பன்னிரண்டு வயதில் டென்மார்க் வந்தேன். புள்ளிவிபரவியல் படித்தேன். வீட்டில் பேசியது யாழ்ப்பாணத் தமிழ். வன்னிக் கிராமங்களுக்குத் தொலைபேசி எடுக்க இப்படி ஒருத்தி கிடைத்ததில் எங்கள் பிரிவின் பொறுப்பாளருக்கு மிகுந்த சந்தோசம். அவர் ஐம்பது வயதைத் தாண்டிய டேனிஷ் பெண். செய்கிற வேலையில் நம்பிக்கை உள்ளவர்.

முதற் சுற்றுக் கேள்விகளை யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் தமிழாக்கியிருந்தார். பாதுகாப்புப் பற்றிய முக்கியமான கேள்வி இப்படி இருந்தது: ‘கடந்த மூன்று மாதங்களில், பாதுகாப்புக் குறித்த கரிசனை காரணமாக உங்கள் குடும்ப அங்கத்தவர் எவரேனும் வெளியே செல்வதைத் தவிர்த்துக்கொண்டதுண்டா?’ நான் அதை வாசித்து முடிக்க, மறுமுனையில் “என்ன பிள்ளை?” என்பார்கள். திரும்ப வாசிப்பேன். “விளங்கேல்லை பிள்ளை” என்பார்கள். மூன்றாம் முறை சிலர் சலித்துப்போய் ‘ஓம்’ என்றுவிடுவார்கள்.

இரண்டாம் சுற்றுக்கு முன் அதை நானே திருத்தினேன். ‘இந்த மூண்டு மாசத்தில வெளியில போகேக்க உங்களுக்கோ வீட்டில வேற ஆருக்குமோ பயமா இருந்ததோ?’ அவ்வளவுதான். யாரும் திரும்பக் கேட்கவில்லை. கேட்ட உடனேயே பதில் வந்தது. பெரும்பாலும் ‘இல்லை’.

அடுத்தடுத்த சுற்றுகளில் பாதுகாப்புக் கோடு வரைபடத்தில் ஏறிக்கொண்டே போனது. மஞ்சளாக இருந்த கிராமங்கள் பச்சையாகின. பொறுப்பாளர் ஒருநாள் கேக் வாங்கிவந்து மேசையில் வைத்து, என் எளிய கேள்விகளால்தான் தரவு இவ்வளவு சுத்தமாக வருகிறது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தாலும் உள்ளுக்குள் பெருமைதான். அந்தப் பச்சையைப் பார்க்க எனக்கு வேறு யாரையும்விட ஆசை இருந்தது.

ஐந்தாம் சுற்றில், ஒரு ஆனி மாதக் காலை எட்டரை மணிக்கு, ஒரு பெண்ணுக்கு அழைப்பு எடுத்தேன். அங்கே மதியம். கணவன் இல்லாதவர், இரண்டு பெண் பிள்ளைகள், வீட்டுத்திட்டத்தில் கட்டிய புது வீடு என்று அட்டவணையில் இருந்தது. கச்சான் தோட்டத்தில் கடலை பிடுங்கும் கூலி வேலைக்கு வந்ததாகவும், சாப்பிட உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார்.

“சாப்பிடுங்கோ அக்கா. நான் பிறகு எடுக்கிறன்.”

“பரவாயில்லை தங்கச்சி, கேளுங்கோ. கதைச்சுக்கொண்டே சாப்பிடுவன்.”

வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று என்றார். யன்னல் போட்டாயிற்று. கிணறு பொது. கதவு பூட்டலாமோ என்று கேட்டேன்.

“ஓம், பூட்டலாம். நல்ல கதவு.”

“வெளியில போகேக்க உங்களுக்கோ வீட்டில வேற ஆருக்குமோ பயமா இருந்ததோ?”

“எனக்கென்ன பயம். இல்லை.”

“பிள்ளையளுக்கு?”

“அவையள் வெளியில போறேல்லையே. இல்லை எண்டு போடுங்கோ.”

போட்டேன். அந்த ‘போறேல்லை’ என் காதில் விழுந்தது, ஆனால் கை நிற்கவில்லை. சின்னப் பிள்ளைகளாக்கும் என்று நினைத்திருக்கலாம். வீடு பச்சை, பாதுகாப்புப் பச்சை. கடைசியாக, எல்லோரிடமும் கேட்பதுபோல, நான் கேட்காமல் விட்டது ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். வழக்கமாக ‘ஒண்டுமில்லை’ என்பார்கள். இவர் கொஞ்சம் யோசித்தார். சாப்பாட்டுப் பெட்டியை மூடும் சத்தம் கேட்டது.

“கதவு பூட்டலாமோ எண்டு கேட்டியள். உள்ளால பூட்டுறதோ வெளியால பூட்டுறதோ எண்டு கேக்கேல்லை.”

எனக்கு விளங்கவில்லை. “என்ன அக்கா?”

“நான் வேலைக்கு வரேக்க பிள்ளையள் ரெண்டையும் உள்ளுக்கு விட்டிட்டு வெளியால ஆமைப்பூட்டுப் போட்டிட்டு வாறன். திறப்பு என்ர இடுப்பில.”

அந்தக் குரலில் முறைப்பாடு எதுவும் இருக்கவில்லை. மழை பெய்தது, பஸ் வந்தது என்று சொல்லும் குரல்தான். பிள்ளைகளுக்கு என்ன வயது என்று கேட்டேன். மூத்தவளுக்குப் பதினாலு, இளையவளுக்குப் பதினொன்று. பள்ளிக்கூடத்துக்குத் தானே கூட்டிக்கொண்டுபோய்க் கூட்டிவருவதாகவும், தோட்டத்தில் வேலை இருக்கும் நாட்களில் அனுப்ப முடிவதில்லை என்றும் சொன்னார்.

“ஏனக்கா பூட்டுறியள்?”

“ஆக்கள் வந்து போகினம். மோட்டச் சைக்கிளில. ஆர் எண்டு தெரியாது. எங்கட பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு...”

“அது எங்கையும் சொன்னவையோ?”

“சொன்னால் பிறகு அந்தப் பிள்ளையை ஆர் கட்டுறது, தங்கச்சி?”

அந்தக் கிராமத்தில் பதிவான சம்பவங்கள் என்ற கட்டத்தில் பூச்சியம் இருந்தது. சுற்றுக்குச் சுற்று பூச்சியம்.

“இப்ப, இந்த நேரம், பிள்ளையள் எங்கை?”

“வீட்டில.”

“பூட்டித்தானோ?”

“ஓம்.”

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். கால்வாயில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் சின்னப் படகுகளில் துடுப்புப் போடப் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்த அக்காவின் ஊரிலோ மதிய வெயில். ஓட்டுக் கூரை. உள்ளே நெருப்புப் பிடித்தால் என்ன செய்வார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. தாய்க்குத் தெரியாததா அது. நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

பிறகுதான் செய்தேன், முதலே செய்திருக்கவேண்டிய காரியத்தை. பழைய சுற்றுகளின் பதில்களைத் திறந்து, அந்த ஒரு கேள்வியை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதற் சுற்றில், பலருக்கு விளங்காத அந்த நீண்ட வசனத்துக்கு, திரும்பக் கேட்காமல் விளங்கிக்கொண்ட பெண்களிலும் பலர் ‘ஓம்’ சொல்லியிருந்தார்கள். இரண்டாம் சுற்றில் அதே பெண்கள் ‘இல்லை’. கோடு அந்த இடத்தில்தான் ஏறத் தொடங்கியது. இடையில் நாட்டில் ஏதாவது நடந்ததா என்று தேடினேன். நடந்தது ஒன்றுதான். நான் கேள்வியை மாற்றியிருந்தேன்.

பழைய கேள்வி, பயத்தால் யாராவது வெளியே போகாமல் இருக்கிறார்களா என்று கேட்டது. நான் கேட்டது, வெளியே போகும்போது பயமா என்று. வெளியே போகாதவளுக்குப் போகும்போது என்ன பயம்? எவ்வளவு இறுக்கமாகப் பூட்டி வைத்திருந்தார்களோ, அவ்வளவு பச்சை. முன்னேற்றம் என்று நாங்கள் கேக் வெட்டியது ‘போகேக்க’ என்ற என்னுடைய ஒரு சொல்லுக்கு.

அன்று வேளைக்கே ரயில் ஏறினேன். இஷொய்யில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது கணவர் முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். மகளைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன்.

“ஹான்ட்போல் விளையாடப் போயிட்டாள். ஏன், உமக்கு என்ன, முகம் இப்பிடிக் கிடக்கு?”

நான் மகளுக்கு அழைப்பு எடுத்தேன். பின்னால் பெட்டைகளின் கூச்சல். எங்கே நிற்கிறாய், யாரோடு நிற்கிறாய், எப்படி வருவாய் என்று கேட்டேன். அவள் வழமைபோல டேனிஷில், சைக்கிளில்தான் வருவேன், இதையெல்லாம் ஏன் கேட்கிறாய் என்றாள். கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேத்தலைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்:

“உம்மட பொறுப்பாளரிட்டைச் சொல்லப் போறீரோ?”

“சொல்லத்தானே வேணும்.”

“வேலை போகும்.”

“போகலாம்.”

அடுத்த நாள் பொறுப்பாளரின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு கேள்விகளையும் டேனிஷில் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அவர் முதலில் சிரித்த முகத்தோடுதான் கேட்டார். இரண்டாவதைச் சொல்லும்போது சிரிப்பு மெல்ல இறங்கியது. ஆமைப்பூட்டைப் பற்றிச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“எத்தனை சுற்று?”

“நாலு. இதோடு.”

“உன்னுடைய திருத்தத்தைப் பார்த்து ஒப்பமிட்டது நான்” என்றார். “எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் ஒப்பமிட்டேன்.”

கத்துவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் அப்படிச் சொன்னது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. நான் கேட்டேன், அந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று. பதில் சொல்பவர்களின் வாழ்க்கையில் தலையிடக்கூடாது என்பது எங்கள் விதி. அவர் விதியைப் பற்றிப் பேசவில்லை. தாய் சம்மதித்தால் அந்தப் பக்கத்தில் வேலை செய்யும் பெண்கள் குழு ஒன்றுக்குச் சொல்லலாம் என்றார். அந்தத் தாய்க்குத் திரும்ப அழைப்பு எடுத்தேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: “வரச் சொல்லுங்கோ. மோட்டச் சைக்கிளில வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ.”

பணம் கொடுத்தவர்களுடன் நடந்த கூட்டம் அரை மணித்தியாலம் கூட நீடிக்கவில்லை. பெரிய திரையில் எங்கள் வரைபடம். ஏறும் கோட்டின் மேல் பொறுப்பாளர், இதை நம்பவேண்டாம் என்பதற்கு அடையாளமாகப் புள்ளிக்கோடு போட்டிருந்தார். ஒரு மனிதர், நல்ல மனிதர்தான், எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தந்தவர், என்னைப் பார்த்துக் கேட்டார்: “அப்படியென்றால் நிலைமை முன்னேறவில்லையா?”

“தெரியாது” என்றேன். “நாங்கள் அதை அளக்கவில்லை.”

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர், இந்த வரைபடம் ஏற்கெனவே இரண்டு அறிக்கைகளில் அச்சாகிவிட்டது என்றார். அந்த அறிக்கைகளைப் பார்த்து, அந்தக் கிராமங்கள் இனிப் பரவாயில்லை என்று, வேறு இடங்களுக்கு உதவியை மாற்றவும் தொடங்கியிருந்தார்கள். அதை நான் அங்கேதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். என் வசனம் ஒரு கிராமத்தில் இருந்து எதையோ எடுத்துக்கொண்டு போயிருந்தது.

வேலை போகவில்லை. கேள்வியைத் திருத்தி, பச்சைக் கிராமங்களுக்கெல்லாம் திரும்ப அழைக்கச் சொன்னார்கள். ‘பயத்தால வீட்டில ஆரும் வெளியில போகாமல் இருக்கிறவையோ?’ இந்த முறை பதில் உடனே வரவில்லை. மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு ஒரு ‘ஓம்’, அதன் பின்னால் மெதுவாகக் கதை. எத்தனை பேர் அப்படிச் சொன்னார்கள் என்று இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. ஒருத்தி மட்டும் கோபப்பட்டார். “இதை இவ்வளவு காலமும் ஏன் கேக்கேல்லை?” நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை.

மார்கழியில் அடுத்த சுற்றுக்காக அந்தத் தாயின் இலக்கத்துக்கு எடுத்தபோது மூத்த மகள் பேசினாள். அம்மா வாய்க்காலில் கை கழுவுகிறா என்றாள். பெண்கள் குழுவினர் பஸ்சில் வந்தார்களாம். இப்போது தங்கச்சியும் அந்த ஒழுங்கையிலுள்ள மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து, முறைக்கு ஒரு தாயோடு பள்ளிக்கூடம் போகிறார்களாம். கதவுக்கு உள்ளால் கொண்டி போட்டாயிற்றாம்.

“நீர் போறேல்லையோ?”

“நான் அம்மாவோட தோட்டத்துக்கு வாறன், அன்ரி. அம்மாக்குத் தனிய ஏலாது.”

அட்டவணையைப் பார்த்தேன். அதன்படி அவள் இப்போது வீட்டை விட்டு வெளியே வருகிறாள், பயந்து உள்ளே இருக்கவில்லை. அந்தக் கட்டம் பச்சையாகவேண்டும். அடுத்த கட்டம் கல்வி.

“எத்தினையாம் வகுப்பில நிப்பாட்டினனீர்?”

“நிப்பாட்டேல்லை அன்ரி” என்றாள் அவசரமாக. “போகேல்லை. அவ்வளவுதான். புத்தகமெல்லாம் கிடக்கு.”

நிறுத்தியவளுக்கும் போகாதவளுக்கும் எங்களிடம் ஒரே கட்டம்தான் இருந்தது. நான் அதில் ஒன்றும் போடவில்லை. குறிப்பு எழுதும் இடத்தில் அவள் சொன்னதை அப்படியே, தமிழிலேயே எழுதினேன். பிறகு எழுந்து, அதை டேனிஷில் சொல்லிக்காட்டப் பொறுப்பாளரின் அறைக்குப் போனேன்.