அறிவிப்பாளர் குரல் விழாத கசற்றுகள்

முதல் நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சியில் ஒரு ரெக்கோடிங் பாரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆட்கள் வெற்றுக் கசற் கொண்டுவந்து தங்களுக்கு வேண்டிய பாட்டுகளைச் சொல்வார்கள், நாங்கள் பதிந்து கொடுப்போம். கடையில் இசைத்தட்டு இல்லாத பாட்டென்றால் றேடியோவில் போகும்போது பிடிக்கவேண்டும்.

முதல் நாள் முதலாளி எனக்குக் காட்டித் தந்தது கசற் டெக்கில் இருந்த, பதிவை இடையில் நிறுத்திவைக்கும் 'போஸ்' பொத்தானைத்தான்.

"தம்பி, அறிவிப்பாளர் வாய் திறக்க முதல் இதை அமத்த வேணும். அவர் கதைச்சு முடிஞ்சு பாட்டுத் தொடங்கேக்க விட வேணும். ஒரு சொல் விழுந்தாலும் கசற் பழுது. சனம் பாட்டுக்குத்தான் வருகுது, அவற்ற கதைக்கில்லை."

கொஞ்ச நாளில் நான் அதில் சூரனாகிவிட்டேன். அறிவிப்பாளர் மூச்சு இழுக்கிற சத்தத்துக்கே என் விரல் இறங்கிவிடும். பளையிலிருந்துகூட ஆட்கள் பஸ் ஏறி வந்து, "குரல் விழாமப் பதியிற பெடியன் நிக்கிறானோ?" என்று கேட்பார்கள். அந்த நாட்களில் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

கசற்றின் வால்

கேட்ட பாட்டெல்லாம் பதிந்த பிறகு கசற்றின் கடைசியில் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சும். அதை வெறுமையாக விட்டால் சண்டைக்கு வருவார்கள். இன்னொரு பாட்டைப் போட்டால் பாதியில் அறுந்து போகும், அதற்கும் சண்டை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் றேடியோவின் ஆங்கில ஒலிபரப்பில் சொல்லே இல்லாத ஒரு வாத்திய இசை போகும். எந்த இடத்தில் அறுந்தாலும் யாருக்கும் தெரியாது என்று நினைத்து, அதைப் பதிந்து வைத்து எல்லாக் கசற்றின் வாலிலும் ஒட்டிவிட்டேன். அது ஜாஸ் என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

ஆனால் கேட்டவர்களுக்குத் தெரியாமல் போகவில்லை. ஒரு பெரியவர் பக்திப் பாட்டுக் கசற்றோடு திரும்பி வந்தார்.

"தம்பி, முருகன்ர பாட்டு முடிய ஆரோ எருமைக்கு வருத்தம் வந்த மாதிரிக் கிடக்கு. என்ன உது?"

அதை அழித்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை மாரிமுத்து அண்ணன் வந்தார். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர், ஓர் அரிசி மில்லில் எஞ்சின் பார்த்தார். கையில் கசற்றைக் கண்டதும் இன்னோர் எருமைக் கேஸ் என்று நினைத்தேன்.

"தம்பி, பாட்டெல்லாம் முடிஞ்ச பொறகு கடைசியா ஒண்ணு வருதே, அது பாதியில நின்னுபோச்சு. அத முழுசாத் தர முடியுங்களா?"

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்த குடும்பத்து யோகம் ரீச்சரும் அதே மாதத்தில் அதே கேள்வியோடு வந்தா. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவ. "இதுக்குப் பேர் ஜாஸ்" என்று எனக்குச் சொன்னது அவதான். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அந்த இசையை முழுதாகப் பதிந்து இரண்டு பேருக்கும் கொடுத்தேன்.

மழைப் பாட்டு

ரீச்சரும் மாரிமுத்து அண்ணனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. அவ பள்ளிக்கூடம் விட்டு வருவா, அவர் மில் லீவு நாளில் வருவார். கதை முழுக்க என் மேசைக்கு மேலால்தான் போய்வந்தது.

"மில்காரருக்கு இதைக் குடுங்கோ. முதல்தரம் விளங்காது, ரெண்டாந்தரமும் கேக்கச் சொல்லுங்கோ" என்பா ரீச்சர்.

பத்து நாளில் மறுமொழி வரும். "டீச்சரம்மாவுக்குச் சொல்லுங்க தம்பி, தாளம் போடுறவரு நடுவுல சும்மா நின்னுடுறாரு. மத்தவங்க அவருக்காகக் காத்திருக்காங்க. அந்த எடத்தக் கவனிக்கச் சொல்லுங்க."

நானும் அவர்கள் சொன்ன இடங்களைத் தேடித் தேடிக் கேட்டேன். வாலுக்கு ஒட்டிய சரக்கு எனக்கே உயிராகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் நாங்களே பெயர் வைத்தோம். எஞ்சின் போல் ஓடுவது 'மில் பாட்டு'. ட்ரம்பெற் மெல்ல ஊத, பின்னால் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் தாளம் கேட்கும் ஒன்று 'மழைப் பாட்டு'. மாரிமுத்து அண்ணன் ரீச்சருக்குச் சிபாரிசு செய்தது அது. ரீச்சர் அதைக் கேட்டுவிட்டு வந்து, "இதுக்குப் பிறகு எனக்கு வேற ஒண்டும் தர வேண்டாம், கொஞ்ச நாளைக்கு இது காணும்" என்றா. அதை நான் சொன்னபோது மாரிமுத்து அண்ணனின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

எங்களுக்குள் அந்தப் பெயர்களே போதுமாக இருந்தன. உண்மைப் பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

பெயர் கேட்ட நாள்

நாட்டில் யுத்தம் கூடியது. மாரிமுத்து அண்ணன் இருந்த பகுதியில் குடிசைகள் எரிந்தன, அவருடைய றேடியோவும் கசற்றுகளும் அதோடு போயின. மன்னாருக்குப் போய் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போகப்போவதாகச் சொல்ல வந்தார். நான் உடனே ஒரு கசற்றை எடுத்து மழைப் பாட்டைப் பதியப் போனேன். அவர் கையைப் பிடித்தார்.

"வேணாந் தம்பி. வழியில ஆமி செக்பொயின்ற்ல கசற்ற கண்டா என்ன பாட்டுன்னு கேட்டு அடிப்பாங்க. புள்ளைங்களோட போறேன். அதோட பேர மட்டும் சொல்லுங்க. மண்டைக்குள்ள இருக்கிறத யாரும் பறிக்க முடியாதில்ல? அங்க ஏதாச்சும் ஒரு டவுன்ல கேட்டு வாங்கிக்குவேன்."

எனக்குத் தெரியவில்லை. யாருடைய ட்ரம்பெற் என்றும் தெரியவில்லை. ரீச்சருக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் பக்கத்துக் கடைக்காரரைச் சைக்கிளில் அனுப்பினேன். அவ பள்ளிக்கூடச் சீலையோடு அப்படியே வந்தா. அந்த இரண்டு பேரும் நேரே சந்தித்தது அன்றுதான். ஒருவரையொருவர் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்கள்.

"நான் றேடியோவில கேட்டதே இல்லைத் தம்பி. நீர் பதிஞ்சு தந்ததைத்தான் கேட்டனான்" என்றா ரீச்சர். "நீர் றேடியோவில இருந்து முதல் பதிஞ்ச மாஸ்ரர் ரேப்பைப் போடும். அறிவிப்பாளர் பேர் சொல்லியிருப்பார்."

போட்டேன். தொடக்கத்தில் நேரே ட்ரம்பெற். மூன்று பேரும் அசையாமல் கேட்டோம். கடைசிச் சுரம் தேய்ந்து அடங்கியது. அதன் பிறகு யாரோ மூச்சு இழுக்கும் சத்தம். அவ்வளவுதான், அடுத்த வாத்திய இசை தொடங்கிவிட்டது.

திரும்பச் சுற்றிப் போட்டேன். அதே மூச்சு. அந்த மூச்சுக்குப் பின்னால்தான் பெயர் இருந்தது. அதை வெட்டியது என் விரல். தொழிலை ஒழுங்காகத்தான் செய்தேன், ஆனால் அன்று அந்த விரலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். ரீச்சர் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா.

மாரிமுத்து அண்ணன் மட்டும் சிரித்தார். குத்தலாகச் சிரிக்கவில்லை. எஞ்சின் வேலை செய்த மனிதர், இன்னொருவர் வேலையைப் பார்த்து மனமாரச் சொன்னார்.

"ரொம்பச் சுத்தமா வெட்டியிருக்கீங்க தம்பி. ஒரு சொல்லுகூட விழல."

அந்தப் பாட்டை இன்னொரு தரம் போடச் சொன்னார். முழுவதையும் கேட்டார். எங்கள் இருவரிடமும் சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. இந்தியாவில் ஏதோ ஒரு கடை வாசலில் நின்று, கடைக்காரனுக்கு அந்தப் பாட்டை விசிலடித்துக் காட்டியிருப்பாரோ என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

பாட்டுப் பதிகிற, பகிர்கிற வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். யார் வாசித்தார்கள், பெயர் என்ன என்பதைப் பாட்டோடு சேர்த்தே கொடுங்கள். கேட்கிறவர் ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு போகவேண்டி வரலாம். அப்போது அவர் கொண்டுபோகக்கூடியது ஒரு பெயர்தான். எங்கள் மாரிமுத்து அண்ணன் கேட்டது அதை மட்டும்தான், அவரை அதுவும் இல்லாமல்தான் அனுப்பினேன்.