வலது பக்கச் சக்கரம்

சம்மட்டி என்றால்தான் அந்தத் தெருவில் அவனைத் தெரியும். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பம்பு செய்யும் தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவன். பதினெட்டு வருஷ சர்வீஸில் மூன்று தடவை சஸ்பெண்டு. ஒரு தடவை மேஸ்திரியின் மூக்கு, ஒரு தடவை கேன்டீன் கண்ணாடி, ஒரு தடவை வெறும் வாய்க்கொழுப்பு.

வீட்டில் இரண்டு கதவுகளில் அவன் முஷ்டி அளவுக்கு ஓட்டை உண்டு. கல்யாணமான மூன்றாம் வருஷம் மனைவியை ஓர் அறை விட்டான். அவள் அழவில்லை, கத்தவில்லை. அவன் வெளியே போன நேரம் பார்த்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மூன்று நாள் கொல்லைப்புற ஷெட்டில் கிடந்தான். அதற்கப்புறம் அவள்மீது கை ஓங்கியதில்லை. அவளுக்குப் பதிலாகத் தட்டும் டம்ளரும் வாங்கிக்கட்டிக்கொண்டன.

இப்படிப்பட்ட ஆள் தானே கட்டிய ஒரு காரை மட்டும் ஒரு நாளும் அடித்ததில்லை என்றால் நம்புவீர்களா? நான்கு வருஷம் அதே ஷெட்டில் ஒண்டியாகக் கட்டினான். சதுரக் குழாய்களை வெட்டி, பற்றவைத்து, அலுமினியத் தகடு போர்த்தி, விபத்தில் நசுங்கிய யாரோ ஒருவரின் வண்டியிலிருந்து இன்ஜினைப் பிடுங்கி வைத்தான். இரண்டே சீட்டு, கூரை கிடையாது. ஒரு நட்டு ஏறவில்லையென்றால் ஊதி, எண்ணெய் விட்டு, காத்திருந்து ஏற்றுவான். அந்தப் பொறுமையில் கால்வாசி மனுஷர்களிடம் காட்டியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. யாரையும் அதில் உட்காரவிட மாட்டான். மனைவியைக்கூட.

ஒரே ஒரு ஆளுக்கு விதிவிலக்கு, அவள் தம்பி. கடைகளுக்குப் போர்டு எழுதுபவன். ஸ்கேல் வைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழ நீளக் கோட்டை ஒரே இழுப்பில் இழுப்பான். காருக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து, விளிம்பில் வெள்ளைக் கோடு போட்டுத் தர, இரண்டு வாரத்துக்கு முன் தன் பட்டறைக்கு ஓட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்மட்டி இடது முன்சக்கரத்தைக் கழற்றி, டயரின் உள்விளிம்பைத் தடவினான். சுருக்கென்றது. ரப்பர் முழுக்கத் தேய்ந்து உள்ளேயிருந்த கம்பி வெளியே நீட்டி அவன் விரலைக் கிழித்திருந்தது. வெளிவிளிம்பு புதுசு மாதிரி இருந்தது. தினமும் ஓட்டினாலும், போட்டு இரண்டு மாதம்கூட ஆகாத டயர்.

ரத்தத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தலைக்கேறிவிட்டது. அக்காவைப் பார்க்க வந்த போர்டுக்காரன், நேரம் கெட்ட நேரத்தில் ஷெட்டுக்குள் எட்டிப்பார்த்தான்.

"எங்கடா இடிச்ச?"

"என்ன மாமா?"

"நடைபாதைக் கல்லுல ஏத்தியிருக்க. ஸ்டியரிங் கம்பி வளைஞ்சு டயரத் தின்னுடுச்சு. வாயத் திற!"

"சத்தியமா இல்ல மாமா. இடிச்சா நானே சொல்ல மாட்டேனா?"

சம்மட்டி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். மேல் தட்டிலிருந்த டப்பாக்கள் சரிந்தன. போர்டுக்காரன் திருப்பி அடிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே விலகி, காரின் அந்தப் பக்கம் போய்க் குந்தினான்.

"இடிச்சிருந்தா ஒரு பக்கம்தானே தேயும்? இந்த வலது பக்கத்தையும் கழட்டிப் பாரு மாமா. அப்புறம் என்னைய வெட்டிக்கூடப் போடு." நட்டு இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டி, வலது கையைச் சக்கரத்தின்மேல் வைத்தான்.

எதிர்த்துப் பேசுகிறான் என்பது மட்டும்தான் சம்மட்டியின் காதில் விழுந்தது. கையிலிருந்த வீல் ஸ்பேனரை ஓங்கி இறக்கினான். எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. இரண்டாவது அடி ரிம்மில் பட்டுத் தெறித்தது. மூன்றாவது அடிக்குள் மனைவி ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். போர்டுக்காரன் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, சத்தமே வராமல் கிடந்தான்.

ஆட்டோ வைத்து அவள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

ஷெட்டில் சம்மட்டி தனியாக நின்றான். கோபம் இறங்க அரைமணி நேரம் பிடித்தது. அப்புறம், போர்டுக்காரன் பொய் சொன்னான் என்று நிரூபிக்கத்தான், வலது சக்கரத்தைக் கழற்றினான். வெளியே ரத்தம் வழிந்திருந்தது. உள்விளிம்பில் அதே தேய்மானம், அதே அகலம், அதே கம்பி. எந்தக் கல்லும் இரண்டு சக்கரத்தையும் இப்படிச் சமமாகத் தின்னாது. லேத்தில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இது தெரியாதா? அடிப்பதற்கு முன் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சக்கரங்களை மாட்டினான். காரின் இரண்டு பக்கமும் நைலான் நூல் கட்டி, நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தான். ரிம்மின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் இடைவெளி துல்லியமாக ஒன்றேதான். மறுபடி அளந்தான். தப்பே இல்லை. தப்பே இல்லாத வண்டி எப்படி டயரைத் தின்னும்?

மத்தியானம் மனைவி வந்தாள். புடவையில் தம்பியின் ரத்தம். உள்ளே போய்த் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு ஷெட் வாசலில் நின்றாள்.

"ரெண்டு விரல் தூளாயிடுச்சு. எலும்பு கூடிடுமாம், விரல் மடங்காதாம். டாக்டர் சொல்லிட்டார். அவன் இனிமே பிரஷ் பிடிக்க மாட்டான்."

அவன் காரின் சீட்டைக் காட்டினான். "ஒரு நிமிஷம் இதுல உக்காரு."

"பைத்தியமா உனக்கு?"

"உக்காரேன். கெஞ்சிக் கேக்குறேன்."

அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, நான்கு வருஷத்தில் முதல் தடவையாக ஏறி உட்கார்ந்தாள். காரின் மூக்கு ஒரு விரல்கடை தாழ்ந்தது. அவன் வண்டியை லேசாக முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, மண்டியிட்டு ஸ்கேலை வைத்தான். முன்விளிம்பு மூன்று மில்லிமீட்டர் வெளியே திரும்பியிருந்தது. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கமும் மூன்று. வண்டி தாழ்ந்ததும், அவன் தன் கையாலேயே பற்றவைத்த ஸ்டியரிங் கம்பிகள் சக்கரங்களை வெளியே தள்ளின. அப்படி விரிந்து ஓடும் சக்கரம் உள்விளிம்பில்தான் தேயும். ஒல்லிக்குச்சியான இவளுக்கே இவ்வளவு என்றால், தன் தொண்ணூற்றாறு கிலோ உடம்பு உட்கார்ந்தால்? அளக்கும்போது யாரையும் உட்காரவிடாததால், நான்கு வருஷமும் காலி வண்டியையே அளந்திருக்கிறான்.

"என்ன தெரியுது?" என்றாள்.

"அவன் இடிக்கல. நான் கட்டினதே தப்பு."

அவள் இறங்கினாள். இரண்டு கையாலும் அவன் முகத்தில் மாறி மாறி அடித்தாள். உதடு கிழிந்தது. அவன் கையைத் தொங்கவிட்டபடி வாங்கிக்கொண்டான். அடித்து ஓய்ந்து, மூச்சிரைக்கப் பையை எடுத்தாள்.

"கம்பிய மாத்திட்டா சரியாயிடும். அரைநாள் வேலைதான்" என்று உளறினான். சொன்ன பிறகுதான் எதைப் பற்றிச் சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. "எப்போ திரும்பி வருவ?"

அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"அவன் விரல் மடங்குற அன்னிக்கு."