மூடாத மலையும் எங்கள் தெருவும்

வரைபடத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் வித்தையை எங்களுக்கு நான்கு நாளில் கற்றுக்கொடுத்தார்கள். எண்பதுகளின் கடைசி வருஷங்கள். ஒன்றிய அலுவலகத்தின் கூட்ட அறையில், அங்கேயே வேலை பார்க்கும் பதினோரு பேர் இருந்தோம். நாற்காலி ஒன்பது. மேலே மின்விசிறி இரண்டு, சுற்றியது ஒன்று. கம்ப்யூட்டருக்கு மட்டும் தனியாக ஒரு மேசை விசிறி. மனிதர்கள் வியர்க்கலாம், அது வியர்க்கக் கூடாது.

மெட்ராஸிலிருந்து வந்த பயிற்சியாளருக்கு என் வயதில் பாதி இருக்கும். ‘புவியியல் தகவல் அமைப்பு’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“பயப்படாதீங்க சார். ரொம்ப ஈஸி.”

நான் புவியியலில் பட்டம் வாங்கியவன். எனக்குப் பயம் தந்தது அவருடைய கையெழுத்து ஒன்றுதான்.

நான் போய் உட்கார்ந்தது வித்தைக்காக அல்ல, தண்ணீருக்காக. பயிற்சியில் போடும் படத்தை வைத்தே அடி அண்ணாமலைக்கு ஒரு போர் போட்டுக் கைப்பம்பு வைப்பதாக அறிவித்திருந்தார்கள். ஒன்றே ஒன்று. என் வீடு அந்த ஊரில், கிரிவலப் பாதையிலிருந்து மலைப் பக்கமாக உள்ளே போகும் தெருவில் இருந்தது. வீடுகள் இருபத்து மூன்று, கிணறு ஒன்றுகூட இல்லை. என் மனைவி பாதையைத் தாண்டி, வரப்பு வரப்பாக நடந்து, யாருடைய வயல் கிணற்றிலோ குடத்தை நிரப்பிக்கொண்டு வருவாள்.

முதல் நாள் பாடத்துக்கு மெஷின் தேவைப்படவில்லை. பயிற்சியாளர் கண்ணாடி போன்ற நான்கு பிளாஸ்டிக் தாள்களை எடுத்தார். ஒன்றில் வீடுகள், புள்ளி புள்ளியாக. இன்னொன்றில் கிணறுகள், அதுவும் புள்ளி. மூன்றாவதில் ரோடு, கோடாக. நான்காவதில் ஏரியும் மலையும். அவை இடத்தை அடைத்துக்கொள்பவை என்பதால் சுற்றி வளைத்து மூடிய பரப்பாக வரைய வேண்டும். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், வீடுகளுக்குப் பக்கமாகவும் கிணறுகளுக்குத் தூரமாகவும், ஏரியோ மலையோ இல்லாத இடம் எது என்று தெரியும். அங்கே போர் போட வேண்டியது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு அரை மணி போதுமாக இருந்தது. மிச்ச நேரமெல்லாம் அவர் அதையே இங்கிலீஷில் சொன்னார். இதற்கு ஏன் இத்தனை விலையில் ஒரு பெட்டி என்று கேட்டேன். “ஒரு ஊருக்குக் கண்ணு போதும் சார். நூறு ஊருக்கு மெஷின்தான் பார்க்கணும்” என்றார். நான்கு நாளில் அவர் சொன்ன ஒரே நல்ல பதில் அது.

இரண்டாம் நாள் மலையை ஏற்றினோம். கம்ப்யூட்டரோடு இணைத்த ஒரு பலகையில் படத்தை ஒட்டி, நடுவில் கூட்டல் குறி போட்ட சின்னக் கண்ணாடியை எல்லைமேல் நகர்த்தி, திருப்பத்துக்குத் திருப்பம் பொத்தானை அழுத்த வேண்டும். மலைக்கென்று தனி எல்லை வரைய நேரமில்லை, கிரிவலப் பாதையையே எல்லையாக வைத்துக்கொள்ளலாம் என்றார் பயிற்சியாளர்.

நான் எழுந்தேன். “சார், ரோட்டுக்கு உள்பக்கமும் வீடுங்க இருக்குது.”

“சின்ன விஷயம் சார், அப்புறம் பார்த்துக்கலாம்.”

சொல்லிவிட்டுக் கோயிலிலிருந்து வடக்கே கண்ணாடியை நகர்த்தத் தொடங்கினார். எங்கள் ஹெட் கிளார்க் பதறி எழுந்துவிட்டார். பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றுகிறவர்.

“சார், சார்! இன்னா பண்றீங்க? எடமா போறீங்களே!”

“மெஷினுக்கு வலம் எடம்லாம் தெரியாதுங்க.”

“எங்களுக்குத் தெரியுதே. நகருங்க, நான் போறேன்.”

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து யாரோ பயிற்சியாளரைக் காபிக்குக் கூப்பிட்டார்கள், அவரும் போய்விட்டார். ஹெட் கிளார்க் செங்கம் ரோட்டில் இருக்கும் தன் வீட்டு வாசலிலிருந்து தொடங்கினார். வழக்கமாக நடப்பதும் அங்கிருந்துதான். மேற்கே போய், வடக்கே திரும்பி, கிழக்கே வளைந்து, கோயிலுக்கு வந்ததும் பொத்தானை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோயிலுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி.

“ஆரம்பிச்ச எடத்துக்குத் திரும்ப வரணும்னாரே” என்றேன்.

“கோயிலுக்கு வந்தா முடிஞ்சிச்சு. அப்புறம் வூட்டுக்குப் போறதும் கிரிவலமாய்யா?”

மறுநாள் படம் அச்சாகி வந்தது. மூடாத கோடு மெஷினுக்கு வெறும் கோடு. அதற்குள்ளே ஒன்றும் இல்லை. ஆகவே அந்தப் படத்தில் மலையே இல்லை. கிணறுகளுக்கு மிகத் தூரமான இடத்தைத் தேடிப் போர் போட அது சிபாரிசு செய்தது மலைச் சரிவில், பாறைக்கு நடுவே. இந்த ஊருக்கு மலை பார்க்க வருகிறவர்கள் எத்தனை பேர்! மலையைக் காணாமல் திரும்பியது அந்த ஒரு பெட்டிதான்.

பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஹெட் கிளார்க்கோ கொஞ்சமும் அசரவில்லை. “மேலே போட்டா தண்ணி தானா கீழே வந்துடும், பம்பு எதுக்கு?” என்றார். பயிற்சியாளர் அவசர அவசரமாக அந்த இடைவெளியை மூடினார். மலை வந்துவிட்டது. கூடவே, பாதைக்கு உள்ளே இருந்த எங்கள் தெருவும் மலையாகிவிட்டது.

கடைசி நாள் வந்த இரண்டாவது அச்சில் போர், பாதைக்கு அந்தப் பக்கம், சாலையோரத்தில் இருந்தது. ஏற்கெனவே இரண்டு கிணறு உள்ள பக்கம் அது.

“எங்க தெருவுல இருபத்து மூணு வீடு இருக்குது சார்.”

“மேப்புல அது மலை சார். மலைல போர் போட முடியாதே.”

“அப்புறம் பார்த்துக்கலாம்னீங்களே?”

“எனக்கு அஞ்சு மணிக்கு பஸ்சு சார்.”

அவர் போன பிறகு ஹெட் கிளார்க்கிடம் போனேன். படத்தில் அவர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. “கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. அதுக்கு மேல நான் இன்னாய்யா எழுதறது?” என்றார். அதற்கு முந்தின நாள் அதே கம்ப்யூட்டர் மலையே கிடையாது என்று சொன்னதை ஞாபகப்படுத்தினேன். அதைக் காதில் வாங்காமல் வேறு ஃபைலைப் பிரித்தார்.

போர் போட்டார்கள், கைப்பம்பு வைத்தார்கள். வயல் கிணற்றைவிட நடை கம்மிதான். ஆனால் பௌர்ணமி வந்தால் பாதையில் நடக்கிற ஜனமெல்லாம் அந்தப் பம்பில் கைகால் கழுவிக் குடித்துவிட்டுத்தான் நகரும். அப்படி ஒரு சாயங்காலம் என் மனைவி காலிக் குடத்தோடு அப்படியே திரும்பி வந்தாள். வாசலில் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

“வரிசை ஜாஸ்தியா?” என்று கேட்டேன்.

“ஊர்ல இருக்கிறவங்களுக்கு வரிசை. நாமதான் மலை மேல இருக்கிறோமே” என்றாள். “படம் போடறேன்னு நாலு நாள் போனீங்களே, மலை மேல இருக்கிறவங்க எதைக் குடிக்கணும்னு அதுல போட்டிருக்குதா, பாருங்க.”