கறுப்புத் தோலில் பூத்த வெள்ளை

நான் வேதியியல் படித்தவன். பி.எஸ்சி. என்று வீட்டு வாசலில் பலகை மாட்டவில்லையே தவிர, அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. மகளின் அறிவியல் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, திண்மம், திரவம், வாயு என்று அவள் கேட்காததையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பேன். அவள் கொட்டாவி விட்டால் கோபம் வரும். அப்படிப்பட்டவன் செய்த காரியம் இது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆம்பூர் அருகே ஒரு தோல் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. பச்சைத் தோல் வந்து இறங்குவதிலிருந்து, ஷூ லெதராகக் கட்டி அனுப்புவது வரை அங்கேயே நடக்கும். தோல் விறைத்துப்போகாமல் மெத்தென்று இருக்க, பெரிய டிரம்மில் போட்டு எண்ணெயும் கொழுப்பும் ஊட்டுவோம். எந்த எண்ணெய், எவ்வளவு என்று கையெழுத்துப் போடுவது நான்தான். ஒரு ஐப்பசியில் வழக்கமான சரக்கு வரத் தாமதமானது. வேறு ஒன்றைச் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். லெதர் நன்றாகத்தான் வந்தது. அதோடு மறந்தும் போனேன்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலை ஏழரைக்கு கோடவுனில் ஒரு கட்டைப் பிரித்தவன் பதறிப்போனேன். கறுப்பு லெதர் முழுக்கப் பவுடர் தூவியதுபோல் வெள்ளை. அடுத்த கட்டும் அப்படியே. அன்றைக்கென்று பார்த்துச் சரக்கு வாங்குகிறவர்களின் ஆள் மதியம் சென்னையிலிருந்து வருகிறார். பூஞ்சை என்று அந்த நிமிடமே முடிவு கட்டினேன். ஈரம் காயாமல் கட்டினால்தான் பூஞ்சை பிடிக்கும். அப்படியென்றால் கட்டியவர்மேல்தான் தப்பு.

கட்டுகிற வேலையைப் பார்த்துக்கொண்டவர் பேரணாம்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். கணவரை இழந்தவர். எட்டாவது வரை படித்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எல்லோரையும்போல நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்குக் கூப்பிடவில்லை.

“இன்னாம்மா இது? ஈரத்தோட கட்டிட்டியா?”

“இல்ல சார். ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்துதான் கட்னேன். நல்லா காஞ்சிருந்துச்சு.”

“காஞ்சிருந்தா பூஞ்சை எப்டி வரும்?”

அவர் குனிந்து லெதர்மீது கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து எடுத்தார். விரல் பட்ட இடம் மட்டும் கறுப்பாகியிருந்தது.

“பாருங்க சார், கை சூட்டுக்கே போவுது. மக்கின வாசனையும் இல்ல. பனிக்கு வீட்ல தேங்கா எண்ண கட்டிக்குதுல்ல, அந்த மாதிரி இருக்குது. ஒண்ண வெயில்ல போட்டுப் பாக்கலாமா?”

மகளுக்கு நான் நடத்திய பாடத்தை அவர் எனக்கு நடத்திக்கொண்டிருந்தார். பதற்றத்தில் அது என் காதில் ஏறவில்லை என்று பின்னால் எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். நன்றாக ஏறியது. எட்டாவது படித்தவர் சொல்லி நான் கேட்பதா என்றிருந்தது, அவ்வளவுதான்.

“எனக்கு நீ ஒண்ணும் சொல்லித்தர வேணாம். கை வைக்காத, தள்ளி நில்லு.”

சுற்றி நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேனேஜர் வந்தார். ஈரத்தோடு கட்டிவிட்டார்கள் என்றேன். அவர் கத்துகிற ஆள் இல்லை. அந்த அம்மாவை அப்போதே சுண்ணாம்புப் பகுதிக்கு மாற்றிவிட்டார். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் எடுக்கும் இடம் அது. கையுறைக்குள் தண்ணீர் புகுந்தால் விரல் வெந்துபோகும்.

பதினொன்றரைக்குள் தகரக் கூரை சுட ஆரம்பித்துவிட்டது. பிரித்துப் போட்ட லெதரைத் துடைக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். துடைக்க ஒன்றுமே இல்லை. எல்லாம் கறுகறுவென்று இருந்தது. பனியில் இறுகி வெளியே பூத்திருந்த கொழுப்பு, சூட்டில் உருகித் தோலுக்குள்ளேயே போய்விட்டது. பூஞ்சை உருகாது. நான் கையெழுத்துப் போட்டுச் சேர்த்த சரக்கு அது என்று அங்கேயே புரிந்தது.

“துடைச்சாச்சா?” என்று மேனேஜர் கேட்டார்.

“ஆச்சு சார்” என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் அவரைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. கையைப் புடவையில் ஒற்றிக்கொண்டே, “நான் ஈரத்தோட கட்டல சார். நீங்க பெரிய சார்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா திரும்ப எடுத்துக்குவாரு” என்றார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பாக்கலாம்க்கா” என்றேன். நழுவ வேண்டியிருந்ததால் அக்கா வந்துவிட்டது.

அடுத்த மார்கழியில், மீந்துபோன பழைய கட்டுகளில் மறுபடியும் வெள்ளை பூத்தது. இந்த முறை பதறியவர் மேனேஜர். நான் சூட்டுக்காற்று ஊதும் மெஷினை எடுத்து, எல்லோர் முன்னாலும் லெதர்மீது ஊதிக் காட்டினேன். வெள்ளை மறைந்தது.

“பூஞ்சை இல்ல சார், கொழுப்பு. பனிக்குக் கட்டிக்கும், சூட்டுக்கு உருகிடும்.”

மேனேஜர் என் தோளைத் தட்டி, “இதுக்குத்தான்யா படிச்சவன் வேணும்ன்றது” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கும் அதிகமாக வெட்கமாக இருக்கிறது.

போகத் திரும்பியவர் நின்றார். “அப்ப போன வருஷம் வந்தது?”

கட்டிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லச் சரியான நேரமும் அதுதான்.

“அது பூஞ்சைதான் சார்” என்றேன்.

அந்த அக்கா இன்னும் சுண்ணாம்புப் பகுதியில்தான் இருக்கிறார்.