காரீயச் சுரங்கத்தில் மின்னிய கல்

காமாக் கதிரோ நியூத்திரனோ பட்டால் மினுக்கென்று ஒளிவிடும் பளிங்குக் கல்லைப் பூமிக்கடியில், பென்சில் காரீயம் தோண்டும் சுரங்கத்தின் இருட்டில் வைத்து, அது எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ணுவதுதான் என் தொழில். "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல் முழிக்கும் அனைவருக்கும் இந்தக் கல்முனைக்காரியின் ஸலாம்.

மென்டில்

கல்லைச் சோதிக்கக் காமாக் கதிர் விடும் பொருள் ஒன்று வேண்டும். ஓடர் பண்ணியது வந்துசேரவில்லை. பழைய பெற்றோமெக்ஸ் விளக்கின் வலைத்திரியான மென்டிலில், அப்படிக் கதிர் விடும் தோரியம் இருப்பது ஞாபகம் வந்தது. லீவில் ஊருக்கு வந்ததும் நேரே வாப்பாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன்.

வாப்பா ஏணி வைத்து ஏறி, மேல்தட்டில் தூசு படிந்து கிடந்த மென்டில் பொட்டலத்தை எடுத்தார். "கரண்ட் வந்த நாள்ல இருந்து ஒருத்தரும் கேக்காத சாமான். எங்கட மகள்ற ஆராய்ச்சிக்குத் தேவையாம்!" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னார். மண்வெட்டிப் பிடி வாங்க வந்திருந்த நற்பிட்டிமுனை விவசாயி உடனே வாப்பாவிடம் சொன்னார்: "அப்ப எனக்கும் ஒண்டு எடுங்க காக்கா, நாளைக்குக் கிடைக்காமப் போயிரும்."

கடிதம்

காமா பட்டால் வரும் மின்னலும் நியூத்திரன் பட்டால் வரும் மின்னலும் அணைகிற விதம் வேறு. எங்கள் கல்லில் இரண்டும் குழம்பியே தெரிந்தன. பழுதான கல் என்று, செய்த கம்பனிக்கே திருப்பி அனுப்பக் கடிதமும் எழுதிவிட்டார் எங்கள் ஆராய்ச்சிக் குழுத் தலைவர். இரண்டு வருட உழைப்பு. ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

கழற்றிப் பார்த்தால், கல்லுக்கும் ஒளியை வாங்கும் குழாய்க்கும் நடுவே பூசிய பசையில் ஒரு காற்றுக்குமிழி. துடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு புதிதாகப் பூசினேன். மறுநாள் திரையில் இரண்டு மின்னலின் புள்ளிக் கூட்டமும் தனித்தனியே பிரிந்து நின்றன.  தலைவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடிதத்தைக் கிழிச்சுப் போடுங்க மிஸ். பிழை கல்லுல இல்ல, எனக்கிட்ட."

காற்று

ஒரு காலை, கல் மின்னும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. கருவியில் கோளாறில்லை. பாறையிலிருந்து கசியும், கதிர் விடும் றேடன் வாயு தேங்குகிறது என்று தோன்றியது. சுரங்கத்துக்குள் காற்றை அனுப்பும் காற்றாடி நின்றால்தான் அப்படித் தேங்கும். சுரங்க மேற்பார்வையாளரிடம் சொன்னேன். சிரித்தார். விடாமல் நின்றேன்.

போய்ப் பார்த்தால், தூரத்துக் காற்றாடியின் பெல்ட் அறுந்து கிடந்தது. உள்ளே வேலை செய்தவர்களை மேலே ஏற்றினார்கள். அவர்கள் ஒவ்வொருவராக வெளியே வர வர, எனக்குக் கண் கலங்கியது. மேற்பார்வையாளர் தொப்பியைக் கழற்றிச் சொன்னார்: "எங்கட மூக்கை விட உங்கட கல்லு கெட்டிக்காரக் கல்லு, மிஸ்."

மகளின் வாழ்க்கை வெளிச்சமாக இருக்க வேண்டுமென்று உம்மா ஐந்து வேளையும் துஆக் கேட்டா. அது சுரங்கத்துக்குள் கபூலாகிப் பலிக்கும் என்றுதான் அவவுக்குத் தெரியாமல் போனது.